ஓடும் நாடா நிற்காது

தென்காசிப் பக்கம் ஆய்க்குடி பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலையொட்டி ஓடும் அனுமன் நதியின் படிக்கட்டில் ஒரு நேர்ச்சை நடக்கும். பிள்ளை வரம் வேண்டிக்கொண்டவர்கள் படியில் பாயசத்தை ஊற்றுவார்கள். சின்னப் பிள்ளைகள் குனிந்து அந்தப் படியிலிருந்தே அள்ளிச் சாப்பிடும். படிப்பாயசம் என்று பெயர். இருபது, இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் இந்த நேர்ச்சையைச் செலுத்திய குடும்பம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். வளைகுடாவில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்த ஹேண்டிகேமில் அன்றைக்கு வீடியோ எடுத்திருக்கிறார்கள். கேமரா இன்றைக்கும் பீரோவின் மேல்தட்டில் அதன் பையோடு இருக்கிறது. கூடவே, பால்பாயிண்ட் பேனாவில் ‘பாயசம், காதுகுத்து’ என்று எழுதிய மினிடிவி கேசட். இந்த ‘டிவி’ டிஜிட்டல் வீடியோவின் சுருக்கம், தொலைக்காட்சியோடு சம்பந்தமில்லை.

அன்று படியில் குனிந்த பிள்ளை இன்று மத்தளம்பாறைக்கு மென்பொருள் வேலைக்குப் போகிறாள். கையில் புது லேப்டாப். கேமராவுக்குக் கரண்ட் கொடுத்தால் ஓடுகிறது, அதன் சின்னத் திரையில் ஆச்சியின் முகமும் தெரிகிறது. அதை லேப்டாப்புக்குள் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். கேமராவின் பக்கவாட்டில் ரப்பர் மூடியை நிமிண்டித் திறந்தால், சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட வராத ஒரு போர்ட். பக்கத்தில் ‘ஐ.லிங்க்’ என்றோ ‘டிவி’ என்றோ எழுதியிருக்கிறது. இணையக் கடையில் தேடினால், ஒரு முனை இதற்கும் மறுமுனை யூஎஸ்பிக்கும் பொருந்தும் ஒயர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கிச் செருகினால் இரண்டு பக்கமும் கச்சிதமாக உட்காருகிறது. லேப்டாப்போ கேமரா ஒன்று வந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

கேமராவிலும் பழுதில்லை, லேப்டாப்பிலும் பழுதில்லை. பொருந்துகிற ஒயர் ஏன் வேலை செய்யவில்லை என்பது விளங்கிவிட்டால், எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது, இந்த வேலையை ஏன் தள்ளிப்போடக் கூடாது என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும். அதற்கு முதலில் கேசட்டுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

மினிடிவி நாடாவின் அகலம் 6.35 மில்லிமீட்டர், அதாவது கால் அங்குலம். ஒரு மணி நேரக் கேசட்டில் சுமார் 68 மீட்டர் நாடா சுற்றியிருக்கும். அது ஓடும் வேகம் வினாடிக்கு 19 மில்லிமீட்டர்கூட இல்லை. இவ்வளவு மெதுவாக நகரும் நாடாவில் அசையும் படத்தின் அத்தனை தகவலையும் எழுதுவது எப்படி? எழுதுகிற முனையையும் சேர்த்து ஓடவிட்டார்கள். கேசட் போடுகிற கதவைத் திறந்தால் உள்ளே பளபளவென்று ஓர் உலோக உருளை தெரியும். விட்டம் 21.7 மில்லிமீட்டர். சற்றுச் சாய்வாகப் பொருத்தியிருப்பார்கள். நாடா இதை அணைத்தபடி நகர, உருளை நிமிடத்துக்கு 9,000 சுற்று சுற்றும். அதன் விளிம்பில் எதிரெதிராக இரண்டு நுண்ணிய காந்த முனைகள் இருக்கின்றன; மெக்கானிக்குகள் ‘ஹெட்’ என்பது இவற்றைத்தான். உருளை ஒரு தடவை சுற்றும்போது ஒவ்வொரு ஹெட்டும் நாடாவின் குறுக்கே சாய்வாக ஒரு தடம் இழுக்கும். தடத்தின் அகலம் 10 மைக்ரான்; ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் இப்படி ஐந்தாறு தடங்கள் அடங்கும். நாடா நகர்வது மெதுவாகத்தான். ஆனால் ஹெட் அதன் மேல் வினாடிக்கு 10 மீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது.

வினாடிக்கு 150 சுற்று, சுற்றுக்கு இரண்டு தடம், ஆக 300 தடங்கள். இந்தியாவிலும் வளைகுடாவிலும் புழங்கிய பிஏஎல் முறையில் வினாடிக்கு 25 படங்கள். அப்படியானால் ஒரு படத்துக்கு 12 தடங்கள். இந்தப் பன்னிரண்டை நினைவில் வையுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

ஒரு படம் என்பது குறுக்கே 720, நெடுக்கே 576 புள்ளிகள். அப்படியே எழுதினால் வினாடிக்கு சுமார் 124 மெகாபிட் ஆகும். அதைக் கேமரா ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதுகிறது. சுருக்குவதில் ஒரு கறாரான விதி உண்டு: எந்தப் படமானாலும் சுருக்கிய அளவு ஒன்றேதான். வெள்ளைச் சுவரைப் படம் பிடித்தாலும் சரி, துளித்துளியாகச் சிதறும் குற்றாலம் ஐந்தருவியைப் பிடித்தாலும் சரி, கேமராவை விட்டு ஒயருக்கு வரும்போது ஒரு படம் 1,44,000 பைட். வினாடிக்கு 25 படம் என்றால் 36 லட்சம் பைட். ஒரு மணி நேரக் கேசட் கிட்டத்தட்ட 13 ஜிபி. இந்த ஓட்டம் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. உருளை சுற்றுகிற வரை வந்துகொண்டே இருக்கும்.

சிக்கலின் வேர் இந்த நிற்காத ஓட்டம்தான். பென்டிரைவிலிருந்து ஒரு கோப்பை நகலெடுக்கும்போது லேப்டாப் கேட்கிறது, பென்டிரைவ் கொடுக்கிறது. லேப்டாப்புக்கு வேறு வேலை வந்துவிட்டால் கேட்பதைச் சற்று நிறுத்தும். பென்டிரைவும் பேசாமல் இருக்கும். ஒரு துண்டு பழுதாக வந்தால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கேமராவுக்கு இந்த வசதி இல்லை. ‘கொஞ்சம் பொறு’ என்று சொன்னால் பொறுக்க அதனால் முடியாது. நாடா நகர்ந்துவிட்டது, ஹெட் அடுத்த தடத்துக்குப் போய்விட்டது. ஒரு மணி நேரக் கேசட்டை இறக்க ஒரு மணி நேரமே ஆகும் என்பதும் இதனால்தான். புது லேப்டாப் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் உருளை அதே 9,000 சுற்றுதான் சுற்றும்.

பொறுக்காத ஒரு கருவியையும், ஆயிரம் வேலைக்கு நடுவில் இருக்கும் ஒரு கணினியையும் இணைக்க 1990-களில் கிடைத்த விடைதான் ஃபயர்வயர். ஆப்பிள் நிறுவனத்தில் 1986-இல் தொடங்கிய வேலை, ஐஇஇஇ 1394 என்ற பொதுத் தரமாக 1995-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் சோனியின் விஎக்ஸ் 1000 கேமரா இந்தப் போர்ட்டோடு சந்தைக்கு வந்தது. சோனி தன் கேமராக்களில் இதற்கு வைத்த பெயர் ஐ.லிங்க். வேறு சில நிறுவனங்கள் ‘டிவி’ என்று மட்டும் எழுதின. பெயர் எதுவானாலும் போர்ட் ஒன்றுதான்.

ஃபயர்வயர் செய்கிற வேலையைக் குளத்துப் பாசனம் பார்த்தவர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். மடையைத் திறந்துவிட்டு ‘யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று விட்டால் மேட்டு வயலுக்குத் தண்ணீர் ஏறாது. அதனால் முறை வைக்கிறார்கள். இந்த வயலுக்கு இத்தனை நாழிகை என்று பேசி முடித்துவிட்டால், மற்றவர்களுக்கு எவ்வளவு அவசரமானாலும் அந்த நாழிகையில் கைவைக்க முடியாது. முறை வந்த நேரத்தில் நீங்கள் வரப்பை வெட்டிவிடவில்லை என்றால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும், உங்களுக்காகத் திரும்பி வராது. ஃபயர்வயர் ஒவ்வொரு வினாடியையும் 8,000 முறைகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் ‘அடுத்த முறை தொடங்கியது’ என்று ஓர் அறிவிப்பு ஒயர் முழுக்கப் போகும். அதில் கேமராவுக்கென்று முன்கூட்டியே ஒதுக்கிய பங்கு உண்டு. கோப்பு நகலெடுப்பது போன்ற மற்ற வேலைகள் மிச்சமிருக்கும் நேரத்தில் நடக்கும். இப்படிச் சீரான இடைவெளியில், ஒதுக்கிய பங்கில், மறுஅனுப்புதல் இல்லாமல் அனுப்புவதைச் ‘சீர்கால அனுப்புகை’ என்று சொல்லலாம்.

கணக்கு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்று பாருங்கள். கேமரா ஒரு படத்தை 480 பைட் கொண்ட 300 பொட்டலங்களாகப் பிரித்து அனுப்புகிறது. 25 படத்துக்கு 7,500 பொட்டலங்கள். இருப்பதோ 8,000 முறை. மிச்சமுள்ள 500 முறைகளிலும் கேமரா சும்மா இருப்பதில்லை. முகவரி மட்டும் எழுதிய வெற்றுப் பொட்டலத்தை அனுப்பும். ‘நான் இருக்கிறேன், இந்த முறைக்குச் சரக்கு இல்லை’ என்பதுதான் அதன் பொருள். பொறியாளர்கள் சேர்ந்து உட்கார்ந்து யோசித்த அழகு இதில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

இனி அந்தச் சில நூறு ரூபாய் ஒயருக்கு வருவோம். யூஎஸ்பி 2 வரையிலான பழைய செவ்வகச் செருகியில் நான்கு முனைகள். கேமராவின் ஐ.லிங்க் போர்ட்டிலும் நான்கு முனைகள். நாலுக்கு நாலு சரியாக இருக்கிறதே என்றுதான் தோன்றும். ஆனால் யூஎஸ்பியின் நான்கில் இரண்டு 5 வோல்ட் மின்சாரத்துக்குப் போய்விடும். தகவல் போக ஒரே ஒரு ஜோடிதான். ஐ.லிங்க்கின் நான்கும் தகவலுக்கே, இரண்டு ஜோடிகள். ஒரு ஜோடியில் படத்தின் பிட்டுகள் போகும். மற்ற ஜோடி தாளம் போடும். எப்படியென்றால், பிட் மாறாமல் அதே நிலையில் தொடரும்போதெல்லாம் தாள ஜோடி தன் நிலையை மாற்றிக்கொள்ளும்; பிட் மாறும்போது இது சும்மா இருக்கும். ஆக ஒவ்வொரு பிட்டுக்கும் இரண்டு ஜோடிகளில் ஏதோ ஒன்று, ஒன்றே ஒன்று மட்டும், மாறியே தீரும். எதிர்முனை அந்த மாற்றங்களை எண்ணினாலே போதும், எந்த பிட் எங்கே முடிகிறது என்று பிசகில்லாமல் தெரிந்துவிடும். யூஎஸ்பிக்கு இப்படி ஒரு தாள ஜோடியே கிடையாது. அந்த ஒயரில் லேப்டாப்பின் மின்சார முனை கேமராவின் தகவல் முனையில் போய் முட்டுகிறது. இதை வாங்கவே வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஃபயர்வயரில் ஆறு முனைப் போர்ட்டும் உண்டு, அதில் 30 வோல்ட் வரைகூட மின்சாரம் வரும்; வெறும் ஒயரால் அதை யூஎஸ்பியோடு இணைத்தால் எது புகையும் என்று சொல்ல முடியாது.

மின்சாரத்தை விடுங்கள், பேசும் முறையே வேறு. யூஎஸ்பியில் கணினிதான் எசமான். அது கேட்காமல் மறுமுனை வாய் திறக்காது. ஃபயர்வயரில் எசமான் இல்லை. ஒயரைச் செருகியதும் இணைந்திருக்கும் கருவிகள் தங்களுக்குள் பேசி, முறை அறிவிப்பவர் யார் என்று முடிவு செய்து, ஆளுக்கொரு எண் எடுத்துக்கொள்ளும். ஒரே இணைப்பில் 63 கருவிகள் வரை சேரலாம். கணினியே இல்லாமல் இரண்டு கேமராக்களை நேராக இணைத்து ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கேசட்டை நகலெடுக்கலாம். அந்தக் காலத்தில் அப்படியும் செய்தார்கள். ஆக, கேட்டால்தான் பேசுகிற ஒரு முறைக்கும், தானே பேசுகிற ஒரு முறைக்கும் நடுவில் வெறும் செம்புக் கம்பியை நீட்டினால் போதாது. இரண்டையும் அறிந்த சில்லு ஒன்று நடுவில் உட்கார்ந்தாக வேண்டும்.

‘என் ஹேண்டிகேமில் யூஎஸ்பி போர்ட்டும் இருக்கிறதே’ என்று சிலர் கேட்கலாம். இருக்கும். பெரும்பாலான மினிடிவி கேமராக்களில் அது மெமரி ஸ்டிக்கில் எடுத்த புகைப்படங்களை இறக்கவும், சின்ன அளவில் வெப்கேம் போலப் படம் காட்டவும் வைத்தது. 1996-இல் வந்த முதல் யூஎஸ்பியின் உச்ச வேகம் வினாடிக்கு 12 மெகாபிட். கேசட்டின் ஓட்டமோ ஒயரில் கிட்டத்தட்ட 29 மெகாபிட். 12-க்குள் 29 அடங்காது. 2000-இல் 480 மெகாபிட் யூஎஸ்பி 2 வந்தபோது, கேமராக் கம்பெனிகள் ஐந்து வருடமாக ஐ.லிங்க்கில் ஊறிப்போயிருந்தன.

அப்படியென்றால் புது லேப்டாப்புக்கு வழியே இல்லையா? ஒரு வழி இருக்கிறது. இன்றைய லேப்டாப்பின் அந்த நீள்வட்டத் துளைக்கு யூஎஸ்பி-சி என்று பெயர். அது துளையின் வடிவத்துக்கு உள்ள பெயர் மட்டுமே. அதற்குள் வெறும் யூஎஸ்பியும் ஓடலாம், தண்டர்போல்ட்டும் ஓடலாம். தண்டர்போல்ட் என்றால் பக்கத்தில் சின்ன மின்னல் குறி போட்டிருப்பது வழக்கம். இன்டெல்லும் ஆப்பிளும் சேர்ந்து 2011-இல் கொண்டுவந்த இது, கணினியின் தாய்ப்பலகையில் கார்டு செருகும் பாதையையே ஒயர் வழியாக வெளியே கொண்டுவந்துவிடுகிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் என்பது அந்தப் பாதையின் பெயர். அதனால் ஃபயர்வயர் சில்லு முழுதாக அடாப்டருக்குள்ளேயே உட்கார முடியும். கணினியைப் பொறுத்தவரை தனக்குள்ளேயே ஒரு ஃபயர்வயர் கார்டு செருகியிருப்பது போலத்தான். முறை வைப்பது, அறிவிப்பது, பொட்டலம் வாங்குவது எல்லாம் அந்தச் சில்லு பார்த்துக்கொள்ளும்.

ஆப்பிள் இதற்கான அடாப்டரை 2012-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அதன் மறுமுனை பழைய தண்டர்போல்ட் வடிவம். அதனால் யூஎஸ்பி-சி வடிவத்திலிருந்து பழைய தண்டர்போல்ட்டுக்கு ஓர் அடாப்டர், அங்கிருந்து ஃபயர்வயரின் பிந்தைய வடிவமான ஃபயர்வயர் 800-க்கு இன்னோர் அடாப்டர், அதிலிருக்கும் ஒன்பது முனையிலிருந்து கேமராவின் நான்கு முனைக்கு ஒரு ஒயர் என்று மூன்றைக் கோக்க வேண்டும். மேக்கில் இந்தக் கோவை நன்றாக வேலை செய்துவந்தது. விண்டோஸ் லேப்டாப்களில் மாடலுக்கு மாடல் மாறும். மேலும், 2025-இல் வந்த மேக் இயங்குதளமான டஹோவில் ஃபயர்வயரைப் புரிந்துகொள்ளும் பகுதியையே ஆப்பிள் எடுத்துவிட்டது. இந்த வழியில் போகிறவர்கள் மேக்கை அந்தப் பதிப்புக்கு மாற்றாமல் வைத்திருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், புது லேப்டாப்போடு மல்லுக்கட்டுவதைவிடப் பழைய கணினி ஒன்றைத் தேடுவதே மேல். 2000-களில் வந்த லேப்டாப்கள் பலவற்றில் அதே நான்கு முனைப் போர்ட் உண்டு. டெஸ்க்டாப் இருந்தால், பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு ஒன்றை உள்ளே செருகிவிட்டால் முடிந்தது. விண்டோஸில் ‘வின்டிவி’ என்ற சின்ன இலவச மென்பொருள் போதும். லினக்ஸில் ‘டிவிகிராப்’. கணினியிலிருந்தபடியே கேமராவை ஓடவும் நிற்கவும் பின்னே சுற்றவும் சொல்லலாம், அந்தக் கட்டளைகளும் அதே ஒயரில்தான் போகின்றன. பழைய கணினியில் இறக்கிய கோப்பை ஹார்டு டிஸ்க்கில் போட்டுப் புது லேப்டாப்புக்குக் கொண்டுவருவதில் ஒரு கஷ்டமும் இல்லை. கோப்பான பிறகு அது காத்திருக்கும்.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரைச் செருகி, யூஎஸ்பி கேப்ச்சர் குச்சி ஒன்றில் இறக்கிவிடலாமே என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். இறங்கும். ஆனால் என்ன இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். கேசட்டில் இருப்பது எண்கள். கேமரா அவற்றைப் படமாக விரித்து, வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒரே மஞ்சள் கம்பியில் கலந்து அலையாக அனுப்பும். குச்சி அந்த அலையை அளந்து, கலந்ததைப் பிரிக்கப் பார்த்து, மறுபடி எண்ணாக்கி, இன்னொரு தடவை சுருக்கும். சிவப்புப் பட்டுப்பாவாடையின் கரையில் நிறம் வழிந்து தெரிவது இந்தக் கலப்பால்தான். ஃபயர்வயரில் போவது நாடாவில் உள்ள அதே எண்கள். அந்த வழி இருக்கும்போது மஞ்சள் ஒயருக்குப் போவது கைக்கு எட்டியதை விடுவதாகும். மினிடிவிக்கு முந்தைய ஹை8, விஎச்எஸ்-சி கேசட்டுகள் கதை வேறு. அவற்றில் இருப்பதே அலை, ஆகவே அங்கே குச்சிதான் வழி. சில டிஜிட்டல்8 கேமராக்கள் ஹை8 நாடாவையும் ஓட்டி ஐ.லிங்க் வழியாக எண்ணாக்கித் தரும். அப்படி ஒன்று கிடைத்தால் நல்லது.

‘அதே எண்கள்’ என்று எதை வைத்துச் சொல்கிறோம்? சோதித்துப் பார்க்கலாம். ஒரே கேசட்டை இரண்டு தடவை இறக்கி, இரண்டு கோப்புகளையும் படம் படமாக, பைட் பைட்டாக ஒப்பிட வேண்டும். நாடா நன்றாக இருந்தால் ஒரு படத்துக்குரிய 1,44,000 பைட்டும் இரண்டிலும் ஒன்றாக வரும். அலையை அளந்த நகலில் இப்படி வரவே வராது. அளக்கும்போதெல்லாம் கடைசி இலக்கம் ஆடும். இரண்டு கோப்புகளும் வேறுபடுகிற இடம் வந்தால் அங்கே நாடாவைப் படிப்பதில் ஏதோ தடுமாற்றம். ஒவ்வொரு தடத்திலும் சிறு பிழைகளைத் தானே திருத்திக்கொள்ள உபரி எண்களும் எழுதியிருக்கும். திருத்த முடியாத அளவு பிழை வந்தால், அந்தத் துண்டுக்குப் பதில் முந்தைய படத்தின் துண்டை ஒட்டிவிட்டு, ‘இது ஒட்டுப்போட்டது’ என்ற குறிப்பையும் கேமரா கூடவே அனுப்பும். ஆவணக் காப்பகங்களில் புழங்கும் ‘டிவி ரெஸ்க்யூ’ என்ற இலவச மென்பொருள் இந்தக் குறிப்புகளைப் படித்து, பல தடவை இறக்கியவற்றில் நல்ல துண்டுகளை மட்டும் பொறுக்கி ஒரே படமாகக் கோத்துத் தருகிறது.

அந்தப் பன்னிரண்டு இப்போது வேலைக்கு வருகிறது. ஒரு படத்தின் 12 தடங்களில் ஒற்றைத் தடங்களும் இரட்டைத் தடங்களும் திரையின் 12 கிடைப்பட்டைகளை ஒன்றுவிட்டு ஒன்றாகத் தாங்குகின்றன. ஒற்றைத் தடங்களை ஒரு ஹெட்டும் இரட்டைத் தடங்களை மற்ற ஹெட்டும் படிக்கும். அதனால் படம் பட்டை பட்டையாக உறைந்து, ஒன்றுவிட்டு ஒன்று அசைகிறது என்றால் பட்டைகளை எண்ணிப் பாருங்கள். ஆறு உறைந்து ஆறு ஓடினால் நாடா போய்விட்டதாகப் பயப்பட வேண்டியதில்லை. ஒரு ஹெட்டில் அழுக்கு அடைத்திருக்கிறது, அவ்வளவே. ஹெட் கிளீனர் கேசட்டைச் சில வினாடிகள் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எங்கெங்கோ சதுரம் சதுரமாகச் சிதறினால்தான் நாடாவைச் சந்தேகிக்க வேண்டும்.

தென்காசிப் பக்கத்துக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்றும் சாரலும் நமக்குச் சீசன். கேமராவுக்கு அது கெட்ட காலம். ஈரம் உருளையின் பளபளப்பில் படிந்தால், மெல்லிய நாடா அதில் ஒட்டிக்கொண்டு சுருண்டுவிடும். இதற்காகவே கேமராவுக்குள் ஈரம் உணரும் சின்ன உறுப்பு ஒன்று வைத்திருக்கிறார்கள். திரையில் நீர்த்துளிக் குறி வந்து, கேசட்டை வெளியே எடு என்று கேமரா சொன்னால் அது கெட்டுவிட்டதாக அர்த்தமில்லை. கேசட்டை எடுத்துவிட்டு, கதவைத் திறந்தபடி ஒரு மணி நேரமாவது காய வைக்க வேண்டும். நாடாவின் காந்தப் படலம் வெற்றிடத்தில் கோபால்ட்டை ஆவியாக்கிப் படியவைத்தது, ஒரு மைக்ரானில் சிறு பகுதிதான் தடிமன். பூஞ்சை பிடித்த கேசட்டை ஓட்டினால் பூஞ்சை ஹெட்டுக்கும் வரும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் போகும். முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் கேசட்டின் கண்ணாடி வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அந்தக் கேசட்டை ஓட்ட வேண்டாம், தனியே எடுத்து வையுங்கள். இந்த வேலைக்கு நம் ஊரில் மாசி, பங்குனி தோதான மாதங்கள்.

வேலை தொடங்கும்போது சில ஒழுங்குகள். பேட்டரியை நம்பாமல் அடாப்டரில் ஓட்டுங்கள். ஒயரைச் செருகும்போது கேமரா அணைந்திருக்கட்டும். முக்கியமில்லாத கேசட் ஒன்றை முதலில் போட்டுக் கேமரா நாடாவை மெல்லுகிறதா என்று பார்த்துவிடுங்கள். கேசட்டின் முதுகில் உள்ள சின்னத் தாழ்ப்பாளைப் பதிவு செய்யாத பக்கம் தள்ளிவிடுங்கள். தவறிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாலும் படம் அழியாது. அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் அங்கிருந்து அனுப்பிய கேசட் என்றால் அது என்டிஎஸ்சி முறையில் இருக்கும், நம் கேமராவில் பெரும்பாலும் ஓடாது. இறக்கிய கோப்பைப் போனுக்கு அனுப்ப எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த 13 ஜிபி மூலத்தை அழிக்காமல், இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் வையுங்கள்.

அந்த மூலத்தில் படமும் ஒலியும் தவிர இன்னொன்றும் இருக்கிறது. கேமராவின் கடிகாரத்தை அன்றைக்குச் சரியாக வைத்திருந்தால், ஒவ்வொரு படத்தோடும் அது எடுத்த தேதியும் நேரமும் நாடாவில் மறைவாகப் பதிவாகியிருக்கும். திரையில் தெரியாது. ஃபயர்வயரில் இறக்கிய கோப்பில் அப்படியே வந்துவிடும், மஞ்சள் ஒயரில் வராது. படிப்பாயசம் எந்த வருடம், என்ன தேதி, காலை எத்தனை மணிக்கு என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்லும்போது, கோப்பைத் திறந்து வினாடி வரைக்கும் பார்த்துக்கொள்ளலாம்.

கல்யாண வீடியோ வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். 2000-களில் ஸ்டூடியோக்கள் இதே வகை நாடாவில் எடுத்து, வெட்டி ஒட்டி, விசிடியாகக் கொடுத்தன. விசிடியில் படம் 352-க்கு 288 புள்ளி. ஓட்டம் வினாடிக்கு 1.15 மெகாபிட். நாடாவில் 25 மெகாபிட். வீட்டில் இருக்கும் விசிடியை வைத்து அந்தக் கல்யாணத்தை எடைபோட்டுவிடக் கூடாது. பல ஸ்டூடியோக்கள் நாடாவை அழித்துத் திரும்பவும் பயன்படுத்தியிருக்கும். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

காலக்கெடு பற்றிப் பெரிய காப்பகங்கள் முன்பே எச்சரித்துவிட்டன. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015-இலேயே, 2025-க்குள் எண்ணாக்காத நாடாக்கள் பெரும்பாலும் போய்விடும் என்றது. யுனெஸ்கோவும் உலக ஒலி-ஒளிக் காப்பகச் சங்கமும் 2019-இல் காந்த நாடா எச்சரிக்கைத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. இவர்கள் பெரிதாகக் கவலைப்படுவது நாடா மட்கிவிடும் என்பதற்காக மட்டுமில்லை. நாடா இருக்கும், அதை ஓட்டக் கருவி இருக்காது என்பதே பெரிய கவலை. அந்த 9,000 சுற்று உருளையைச் செய்கிற தொழிற்சாலைகள் வேறு வேலைக்குப் போய்விட்டன. பெல்ட்டும் பல்சக்கரமும் தேய்ந்தால் மாற்றுப் பொருள் இன்னொரு பழைய கேமராவிலிருந்துதான் கிடைக்கும். கணினிப் பக்கமும் கதவு ஒவ்வொன்றாகச் சாத்துகிறது. லினக்ஸில் ஃபயர்வயர் பகுதியைப் பராமரிப்பவர்கள் 2029 வரை பார்த்துக்கொள்வதாகத் திட்டம் வைத்திருக்கிறார்கள்.

ஒரு தெருவுக்கு ஒரு நல்ல கேமராவும், ஃபயர்வயர் போர்ட் உள்ள ஒரு பழைய லேப்டாப்பும் போதும். கேமரா யார் வீட்டுடையது, லேப்டாப் யாருடையது என்பது முக்கியமில்லை. பிஏஎல் முறையில் எடுத்த மினிடிவி பெரும்பாலும் எந்த பிஏஎல் மினிடிவி கேமராவிலும் ஓடும். தென்காசி, கடையநல்லூர், சுரண்டைப் பக்கம் பழைய வீடியோ ஸ்டூடியோக்களின் பரணில் ஃபயர்வயர் கார்டு போட்ட எடிட்டிங் கணினி இன்னும் கிடக்கலாம். யாராவது அதை எடைக்குப் போடப் போவதாகக் கேள்விப்பட்டால் வாங்கி வையுங்கள். அதோடு அந்தக் குட்டி நான்கு முனை ஒயரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கணினி கிடைத்தும் அது இல்லாவிட்டால் வேலை நடக்காது.